கொம்புக்கு வர்ணம் பூசாத பனிமாடு

1

காரேஜைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று போன சனிக்கிழமை உள்ளே போனேன். சுத்தம் செய்வது என்றால் என் அகராதியில் இடது மூலையில் கிடப்பதை வலது மூலைக்கு மாற்றுவது. அப்படி மாற்றும்போது ஒரு சின்னச் சிவப்புப் பெயிண்ட் டப்பா காலில் தட்டியது. மூடி திறக்கப்படவே இல்லை. குலுக்கிப் பார்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை. கல்லாகிவிட்டிருந்தது.

கொரோனா வந்த முதல் குளிர்காலத்தில் வாங்கியது அது. மாட்டுக் கொம்புக்கு.

'கனடாவுல உனக்கேதுடா மாடு?' என்று ஊரில் இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். இருந்தது. நாங்களே செய்தோம். தீனி கேட்காது, சாணி போடாது, பங்குனி வந்தால் தானாகவே கரைந்து சாக்கடைக்குப் போய்விடும். அவ்வளவு சாதுவான மாடு.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற வழியில், வல்லத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். அதில் ஒருத்தன் படித்துத் தொலைத்துவிட்டு வின்னிபெக் நகரத்துக்கு வந்து சேர்ந்தான். இங்கே குளிரில் காரை வெறுமனே விட்டால் என்ஜின் உறைந்துபோகும். வாசலில் நிறுத்தி ஒரு மின்கம்பியில் மாட்டிவைக்க வேண்டும். ஊரில் அப்பா மாட்டைக் கட்டினார், நான் காரைக் கட்டுகிறேன். பரம்பரைத் தொழிலை விடவில்லை.

2

அந்தக் குளிர்காலத்தில் வேறு வீட்டார் யாரும் நம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று மாகாண உத்தரவு. வராமல் இருப்பதற்கு எங்களுக்கு உத்தரவே தேவைப்பட்டதில்லை. அதற்கு முன்பும் யாரும் பெரிதாக வந்ததில்லை. ஆனாலும் வரக் கூடாது என்று சட்டம் போட்ட பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆனது.

வீட்டுக்குள்ளேயே மூன்று நாடுகள். என் மனைவி கலாவுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. கிருமியைக் கொண்டுவந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவள் கீழ்த்தளத்து அறைக்குக் குடிபெயர்ந்தாள். சாப்பாட்டுத் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு நான் மேலே ஏறிய பிறகுதான் எடுப்பாள். கலா விழுப்புரத்துக்காரி, ஜங்ஷனுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள். "ரயிலு வர்ற மாதிரி மூணு வேளையும் கரெக்டா வந்து வச்சிடறீங்களே, பரவால்ல" என்று கீழேயிருந்து குரல் வரும். அதுதான் எங்கள் தாம்பத்தியம்.

மாடி, மகள் மதியின் நாடு. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடம் திரைக்குள் போனதிலிருந்து அவளும் கதவைச் சாத்திக்கொண்டாள். மேலேயிருந்து எனக்கு வாட்ஸப்பில் 'பால் தீர்ந்துவிட்டது' என்று செய்தி வரும். முதலில் சிரித்தேன். பிறகு அவள் சாப்பிடுவது குறைந்தது. பேச்சு நின்றது. கதவில் காதை வைத்துக் கேட்டால் மெல்லிய முணுமுணுப்பு. யாரிடம், என்ன மொழியில் என்று புரியாது. பெண் கையை விட்டுப் போகிறாள் என்று பட்டது.

ஆகவே நான் 'மகிழ்ச்சித் திட்டம்' ஒன்றை அறிவித்தேன். அறிவித்தது நான், செயல்படுத்தியதும் நான், பயனாளி மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம். உல்லன் பேன்டின் மேல் வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் ஆடினேன். ஆனந்தபவன் மாதிரி கல்லாப்பெட்டி வைத்து, "சூடா ரெண்டு இட்லி" என்று கூவினேன். கார்த்திகைக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்ததில் புகை எச்சரிப்பான் அலறியது. மதி கதவைத் திறந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். துடைப்பக்கட்டையால் அலறலை நிறுத்திவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் சாத்திக்கொண்டாள்.

காலையில் மட்டும் நான் கொஞ்ச நேரம் வெளியே போய்க் காரில் உட்கார்ந்திருப்பேன். ஆபீஸ் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிட்டதால் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஆனாலும் என்ஜினைப் போட்டு, கண்ணாடியில் படிந்த பனி உருகும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருப்பேன். "பேட்டரி செத்துடக் கூடாதில்ல" என்று கலாவிடம் சொல்வேன். சில நாள் பனி உருகி, மறுபடி மூடி, மறுபடி உருகும். பேட்டரி மேல் அவ்வளவு அக்கறை.

3

தை நெருங்கிய சமயம், மதி படியில் இறங்கி வந்து நின்றாள்.

"அப்பா, பொங்கலுக்கு மாடு செய்யலாமா? பனில?"

நான் பால் டம்ளரைக் கீழே போட்டேன். என் மகிழ்ச்சித் திட்டம் வென்றுவிட்டது! வேட்டி நடனத்தின் மகிமை! கீழ்த்தளத்தைப் பார்த்துக் கத்தினேன்: "கலா, உன் பொண்ணு வெளிய வந்துட்டா!"

"சத்தம் போடாதீங்க, பயந்து திரும்பவும் உள்ள போயிடப் போறா" என்றாள் கலா.

பண்டிகை என்றால் எனக்குச் சித்தப்பாதான். அப்பாவின் தம்பி. கல்யாணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் அந்த அம்மாள் சிரித்தே செத்திருப்பார். மாட்டுப் பொங்கலன்று அந்தி சாயும் நேரம், குளிப்பாட்டிக் கொம்பில் வர்ணம் பூசிய மாடுகளைச் சுற்றிப் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டிக்கொண்டு "பொங்கலோ பொங்கல்" என்று ஓடுவோமே, அதில் முதல் ஆள் அவர்தான். தட்டித் தட்டித் தாம்பாளமே சொட்டை விழுந்து போயிருந்தது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் திண்டிவனம் பைபாஸில் மொபெட்டோடு நிற்பார். என் தொப்பையை ஏற இறங்கப் பார்ப்பார்.

"வண்டி தாங்காதுடா. பெட்டிய நான் ஏத்திக்கினு போறேன், நீ செஞ்சி பஸ்ல வா."

வெறும் கிண்டல் என்று நினைப்பீர்கள். ஒரு தடவை நிஜமாகவே பெட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

போனில் கூப்பிட்டால், "என்னாடா, இன்னும் ஃப்ரிட்ஜுக்குள்ளதான் குடித்தனமா?" என்பார். அந்த மார்கழியில் மட்டும் ஆள் சிக்கவில்லை. அண்ணன் ஏழுமலைதான் எடுப்பான். "சித்தப்பா அனந்தபுரம் சந்தைக்குப் போயிக்கிறாரு." "இப்பதான் சாப்ட்டுட்டுப் படுத்துக்கினாரு." "கொல்லியில தண்ணி பாச்சிக்கினு கீறாரு." பெரிய மனிதர் பிஸி என்று நானும் விட்டுவிட்டேன்.

4

முறைப்படி செய்வோம் என்று நகராட்சி உதவி எண்ணைக் கூப்பிட்டேன். வாசலில் மூன்று கல் வைத்து விறகு மூட்டலாமா என்று கேட்க வேண்டும். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஓர் அம்மாள் வந்தார். எதற்கு நெருப்பு என்றார். சூரியனுக்கு நன்றி சொல்ல என்றேன். அவர் மிக மரியாதையாக, "எந்தச் சூரியனுக்கு?" என்று கேட்டார்.

ஜன்னலைப் பார்த்தேன். கேள்வியில் நியாயம் இருந்தது. ஒரு வாரமாக அந்த ஆளைக் காணவில்லை.

அதற்குள் மதி என் கையிலிருந்து போனை வாங்கி, நன்றி சொல்லி வைத்துவிட்டாள். "வெளிய நெருப்பு வாணாம்ப்பா. உள்ள பானை வச்சாலும் பால் பொங்கி அலாரம் அடிக்கும். ரைஸ் குக்கர்ல வச்சுக்கலாம்."

"குக்கர்ல பொங்காதேம்மா."

"பரவால்லப்பா. சர்க்கரைச் சோறுன்னு சொல்லிக்கலாம்."

வாசலில் கோலம் போடலாம் என்றேன். பனிமேல் மாவு தெரியாது என்றாள். வடை சுடலாம் என்று எண்ணெய்ச் சட்டியை எடுத்தேன். அதற்கும் அலாரம் என்று வாங்கி உள்ளே வைத்தாள். மூவருக்கும் புதுத்துணி வரவழைத்திருந்தேன். பார்சல் வரவே இல்லை. பின்னால் விசாரித்தால், என் கணக்கிலிருந்தே யாரோ ஆர்டரை ரத்து செய்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு தெரிந்த ஆள் வீட்டில் ஒருத்திதான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு குத்தல். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குப் பொங்கல் என்பது அலாரம் அடிக்காத ஒரு நிகழ்ச்சி, அவ்வளவுதான் போல. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் வெளியே வந்திருக்கிறாளே, அது போதும். குக்கர் இல்லை, டோஸ்டரில் பொங்கல் வைக்கிறேன் என்றாலும் கற்கண்டு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

தைப் பிறப்பன்று மதியம் காலிங் பெல் அடித்தது. திறந்தால் வாசலில் ஒரு பாத்திரம் நிறைய வடை, இன்னொன்றில் பொங்கல். கொண்டுவந்த சாந்தி அக்கா பாத்திரங்களை வைத்துவிட்டுத் தெருவிளக்கு வரைக்கும் பின்வாங்கி நின்றார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"தம்பி, சூட்டோட சாப்பிடுங்கோ. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, என்ன?"

மாஸ்க்குக்கு மேலே கண்கள் கலங்கியிருந்தன. குளிர்காற்று என்று நினைத்தேன். "அக்கா, உள்ள வந்து சாப்பிட்டா போலீஸ் புடிச்சிக்கும், அங்கயே நின்னு வாசனையாவது புடிங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். இவ்வளவு நல்ல ஜோக்குக்குச் சிரிக்காத ஆளும் உண்டா என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

5

மாடு செய்வதில் ஒரு சங்கதி. கடும் குளிரில் விழும் பனி உலர்ந்த அரிசிமாவு மாதிரி, பிடித்தால் பிடிபடாது. வெந்நீர் தெளித்து, கொழுக்கட்டைக்குப் பிசைவதுபோல் பிசைந்து, அது கையிலேயே உறைவதற்குள் அப்ப வேண்டும். நானும் மதியும் வாசலில் பிசைந்தோம். கலா கீழ்த்தளத்து ஜன்னல் வழியே, பனிக்கு மேலே தலையை மட்டும் நீட்டி மேற்பார்வை பார்த்தாள்.

"அது மாடா? எனக்கென்னவோ உங்க சித்தப்பா மொபெட்டு மாதிரி கீது."

"திமிலு வைக்காம எப்படி மாடாவும்? இரு."

கொம்புக்கு மதியின் பழைய சைக்கிளின் ஹேண்டில்பாரைக் கழற்றி மண்டையில் செருகினோம். அச்சு அசல் கொம்பு. தெருவில் நாயோடு போன ஒருவர் நின்று, இது கடமானா என்று விசாரித்தார். மாடு என்றேன். ஏன் என்று கேட்டார். இந்த நாட்டில் எதற்கும் ஒரு காரணம் கேட்கிறார்கள்.

ஓடிப்போய்ச் சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்தேன். மூடியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்.

"வாணாம்ப்பா."

"கொம்புக்கு வர்ணம் பூசாம மாட்டுப் பொங்கலாடி?"

"குளிர்ல உறைஞ்சிடும். ஒட்டாது." என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையுறைக்குள் இருந்தும் அந்தப் பிடி தெரிந்தது. "இப்படியே இருக்கட்டும். பிளீஸ்."

டப்பாவைக் கொண்டுபோய்க் காரேஜில் வைத்தேன்.

6

ஊரில் மாட்டுப் பொங்கல் அந்தி என்றால் இங்கே விடியாத காலை. வருஷா வருஷம் அந்த நேரத்துக்கு அண்ணன் போன் போட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் பிடிப்பான். சித்தப்பாவின் தாம்பாளச் சத்தத்தை நான் கேட்க வேண்டும், அது ஏற்பாடு. அந்த வருஷம் வீடியோவே வந்தது. மதி மாடியில் தூங்குகிறாள் என்று நினைத்து நான் கூடத்தில் மெதுவாகப் பேசினேன்.

அண்ணி ஒரு கரும்பைக் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் ஆட்டினாள். ஒரே ஒரு கரும்பு. அதையும் ஆட்டிவிட்டு யாரிடமோ, "இந்தா, எடுத்துக்கினு போயி பக்கத்து வூட்டுல திருப்பிக் குடுத்துட்டு வந்துடு" என்று சொன்னது காதில் விழுந்தது. அண்ணன் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்தான். கையில் அந்தச் சொட்டைத் தாம்பாளம். அதை விரல் நுனியால் தொட்டான்.

"பொங்கலோ பொங்கல்" என்றான்.

கிசுகிசுப்பாக. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"என்னண்ணே, தொண்ட கட்டிக்கிச்சா? சித்தப்பா எங்க? அவர்கிட்ட குடு தட்ட."

"இங்கதான்... அந்தாண்ட போயிக்கிறாரு..." என்று அவன் திரும்பிய வேகத்தில் போனும் திரும்பியது. பின்னால் கொட்டகை தெரிந்தது. இரண்டு மாடும் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. கழுத்தில் மாலை இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. கொம்பில் வர்ணம் இல்லை.

எங்கள் பக்கத்தில் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. பானை பொங்காது. கோலம் இல்லை, புதுத்துணி இல்லை. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பலகாரத்தை மற்ற வீட்டார் கொண்டுவந்து வாசலில் கொடுப்பார்கள். கொம்புக்கு வர்ணம் பூசமாட்டார்கள்.

வேறு எதையும் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"எப்பண்ணே?"

அண்ணன் தாம்பாளத்தைக் கீழே வைத்தான். "மார்கழி பொறந்து ஒரு வாரம். ராத்திரி சாப்ட்டுட்டுப் படுத்தாரு. காலையில எழுந்திரிக்கல. நீ பிளேன் இல்லாம அங்க மாட்டிக்கினு கீற. சொல்லி என்னடா ஆவப் போவுது? பொங்கல் போவட்டும்னு இருந்தோம். மதியும் அதான் சொல்லுச்சு."

"மதியா?"

"அதுக்கு அன்னிக்கே தெரியும்டா. எம்மவ பவித்ராவும் அதுவும் தெனமும் மணிக்கணக்கா பேசிக்கினு கீதுங்க, உனக்குத் தெரியாதா? 'பெரியப்பா, எங்கப்பா தெனம் காலையில கார்ல உக்காந்துக்கினு தனியா அழுவறாரு. எங்களுக்கு முன்னாடி வந்து வேட்டி கட்டிக்கினு ஆடறாரு. இப்ப இதையும் சொன்னா தாங்க மாட்டாரு'ன்னு சொல்லுச்சு. கலாவும் சரின்னுச்சு. என்ன பண்ணலாம், என்ன பண்ணக் கூடாதுன்னு பவித்ராதான் எல்லாம் சொல்லிக் குடுத்துச்சு."

நான் போனை மேசையில் மல்லாத்தி வைத்தேன். அண்ணன் முகம் அதில் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்தீர்களா, வீட்டில் எல்லாருக்கும் தெரியும். சாந்தி அக்காவுக்குக்கூட. பொண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று கூடத்தில் குதித்துக்கொண்டிருந்த ஒரு ஆளுக்கு மட்டும் தெரியாது. நான் காதை வைத்துக் கேட்ட அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது, இத்தனை நாளும், வல்லம்.

7

திரும்பினால் மதி படியில் உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"பெயிண்ட் மட்டும் அடிக்கக் கூடாதுன்னு பவி சொன்னாப்பா. மாடு செய்யலாம்னா. அது தப்பு இல்லையாம்."

"தப்பு இல்லம்மா."

"உனக்குக் கோபமா?"

வாயில் ஒரு ஜோக் வந்தது. முதல் தடவையாக அதைச் சொல்ல வரவில்லை. அவள் இறங்கி வந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். என் கோட்டையும் நீட்டினாள்.

"கார்ல போயி உக்காரலாமா? பேட்டரி செத்துடப் போவுது."

கம்பியைக் கழற்றிவிட்டு ஏறினோம். என்ஜினைப் போட்டேன். கீழ்த்தளத்துக் கதவு திறந்தது. கலா மாஸ்க்கோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு, சாந்தி அக்காவின் வடைப் பாத்திரத்தோடு வந்தாள். பின்சீட்டில் ஜன்னல் ஓரமாக ஏறிக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டாள். குளிர் உள்ளே வந்தது. மூன்று பேரும் ஒரே இடத்தில் சேர்ந்து உட்கார்ந்து பல வாரம் ஆகியிருந்தது.

முன்கண்ணாடியில் பனி உருக உருக மாடு தெரிந்தது. முதலில் திமில், பிறகு மண்டை, பிறகு வர்ணம் பூசாத ஹேண்டில்பார்.

சித்தப்பா பெட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போன கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் பலமுறை கேட்டதுதான். பாதியோடு நிறுத்தினேன். மீதியை மதி சொன்னாள். அண்ணன் மகளிடம் கற்றுக்கொண்ட அச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழில், சித்தப்பாவின் குரலிலேயே சொன்னாள். கலா சிரித்தாள். வடை கல் மாதிரி இருந்தது. தின்றோம்.

"எங்க போறோம்?" என்று பின்னாலிருந்து கலா கேட்டாள்.

"திண்டிவனம்" என்றாள் மதி. "ஜல்தி ஓட்டுப்பா."

கியரைத் தொடாமல், கண்டக்டர் குரலில் கூவினேன். "தாம்பரம்... செங்கல்பட்டு... மதுராந்தகம்... மேல்மருவத்தூர் கோயிலு எறங்கு... அச்சிறுப்பாக்கம்... திண்டிவனம் பைபாஸ் எல்லாம் எறங்கு, பைபாஸ் எறங்கு..."

யாரும் இறங்கவில்லை.

"இறங்கலையா?" என்றாள் கலா, மெதுவாக.

"மொபெட்ட இன்னும் காணோமே" என்றேன்.

மதி என் கையுறைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டாள்.

"இருக்கலாம்ப்பா. வரட்டும்."

என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம்.